பனிச்சங்காய் ஏறிய தையல் டயர்

இன்னாசி உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று ராயபுரத்தில் விசாரித்தால், அவனைக் கட்டிக்கொண்ட ரோசிகூட உதட்டைத்தான் பிதுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது இவன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நிற்பான். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவான். கல்யாணத்தன்றைக்கே மணையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "தோ வந்துட்டேன்" என்று மாலையும் கழுத்துமாகக் கடற்கரைக்குப் போய்க் கப்பல் பார்த்துவிட்டு வந்தவன். பெண் வீட்டார் மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்றே நினைத்துவிட்டார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன், வேறென்ன சொல்ல!

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையும் அதற்குத் தகுந்த வேலைதான். தாமோதர நாயக்கர் கடை என்று ஹார்பர் பக்கம் ஒன்று இருந்தது. வந்து நிற்கிற கப்பல்களுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, கறி, எலுமிச்சம்பழம் எல்லாம் ஏற்றிக் கொடுக்கிற கடை. எந்தக் கடைப் படகு முதலில் போய்க் கப்பலைத் தொடுகிறதோ அந்தக் கடைக்குத்தான் சரக்கு. ஆகையால் இன்னாசி தினமும் எண்ணூருக்குப் போய் மணல்மேட்டில் நின்றுகொள்வான். கல்கத்தாவிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வருகிற கப்பலின் புகை வடக்கே தெரிந்ததும், புகைபோக்கியின் நிறத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்து, சைக்கிளில் ஏறினான் என்றால் ராயபுரத்தில்தான் கால் ஊன்றுவான். கப்பல் ஹார்பருக்கு வெளியே நங்கூரம் போடுவதற்குள் நாயக்கர் படகு கிளம்பியிருக்கும்.

அதே மணல்மேட்டில் எதிர்க்கடைக்காரன் ஆளும் நிற்பான். அவன் பெயர் சுயம்பு, திருவொற்றியூர்க்காரன், இன்னாசியைவிட இளசு, வாய் கொஞ்சம் நீளம். நாள் பூராவும் இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். புகை தெரிந்த நிமிஷத்தில் ஒருத்தனை ஒருத்தன் தெரியாது.

இரண்டு பேரிடமும் இருந்தது பந்தய சைக்கிள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனவை அவை. ஒன்றை நாயக்கர் வாங்கினார், மற்றதை எதிர்க்கடைக்காரர் வாங்கினார். காற்றாய்ப் பறக்கும், அதில் குறையில்லை. ஆனால் அதன் டயர் இருக்கிறதே, அது ஒரு தனிச் சனியன். நம் ஊர் சைக்கிளில் டயர் வேறு, டியூப் வேறு. இதிலோ டியூபை உள்ளே வைத்து, துணி டயரைக் குழாய் மாதிரிச் சுற்றி அடியில் தைத்தே விட்டிருப்பார்கள். அதை ரிம்மின் மேல் அரக்கு பூசி ஒட்ட வேண்டும். பஞ்சர் ஆனால் தையலைப் பிரித்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டு, மறுபடியும் தைத்து, மறுபடியும் அரக்கு வைத்து ஒட்ட வேண்டும். இன்னாசிக்கு அதைத் தைத்துக் கொடுக்கிறவள் ரோசி. வலை பின்னுகிற வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு தையலா?

அந்தச் சித்திரை மாதத்தில் இரண்டு டயரும் ஒன்றாக வாயைப் பிளந்துவிட்டன. ரோசி தைத்த இடம் உறுதியாக இருந்தது, தைக்காத இடமெல்லாம் நைந்து போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நாயக்கர் இன்னாசியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாசி, பச்சைப் பட்டை போட்ட புகைபோக்கி, புதுக் கம்பெனி. இந்த மாசக் கடைசிக்குள்ள மொதக் கப்பல் வருதாம். மொதல்ல எவன் போய்த் தொடறானோ அவனுக்கே வருஷம் பூரா அந்தக் கம்பெனிக் கப்பல் எல்லாத்துக்கும் சப்ளைன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். இத்த மட்டும் புடிச்சிக் குடுத்துடு."

"புடிச்சிடலாம் மொதலாளி."

"வுட்டுட்டேன்னு வச்சிக்கோ, அப்பால எண்ணூரும் வேணாம் கிண்ணூரும் வேணாம். சைக்கிள வித்துடுவேன். நீ இங்கயே குந்திகினு வெங்காயம் எடை போடு."

நாயக்கர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்றா சொன்னார்? நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, மழை இல்லை, வெயில் இல்லை. ஊரில் நூறு பேர் அதற்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் இன்னாசிக்குக் கண்ணில் தெரிந்தது வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி, முக்காலிக்கு முன்னால் தராசு, தராசுக்கு முன்னால் சுவர். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தச் சுவர்! ஜெயிலென்றால்கூடத் திறந்தவெளியில் நடக்க விடுவார்களாமே என்று நினைத்தான்.

அன்றைக்கே யானைக்கவுனிக்குப் போனான். பட்டணத்தில் தையல் டயர் வைத்திருந்தவர் அங்கே மஜீது பாய் ஒருத்தர்தான். பாய் பரணில் ஏறிப் பழைய லுங்கித் துணியில் சுற்றியிருந்த இரண்டு ஜோடிகளை இறக்கிக் கீழே போட்டார்.

"கீறது இந்த ரெண்டு ஜோடிதான், இன்னாசி. காலையில சுயம்புவும் வந்தான். மத்தியானம் மொதலாளியக் கேட்டுக்கினு வரேன்னு பூட்டான். நீ எத்த எடுத்தாலும் சரி, நீ வுட்டுட்டுப் போறத அவன் எடுத்துப்பான். நா ரெண்டு பேருக்கும் பொது."

இன்னாசி முதல் ஜோடியைத் தூக்கினான். பட்டு நூலில் நெய்தது. கையில் இருக்கிறதே தெரியவில்லை. ரப்பர் மெல்லிசாக, வழவழவென்று, கப்பலிலிருந்து இறங்கின வாசனை போகாமல் இருந்தது. இரண்டாவது ஜோடி பருத்தி. பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று கோடித்துணி மாதிரி இருந்தது. தூக்கினால் கனம் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், அது இவன் விரலைத் திருப்பித் தள்ளியது.

"பட்டு ஓடும், பாய்?"

"ஓடுமாவா? பறக்கும். ஆனா இப்பத்தான் வந்து எறங்கின சரக்கு, ரப்பர் இன்னும் இளசு. சிப்பி பட்டா கீறிக்கும். இது பருத்தி, மூணு கோடையா இருட்டுல பரண்ல கெடந்து இறுகிப் போயிருக்கு. எண்ணூர் ரோட்டுக்கு அசராது. ஆனா வலிக்கணும், காலுக்கு வேலை வைக்கும்."

இப்படிச் சொன்னால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? இன்னாசி பட்டு ஜோடியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை வரைக்கும் போனவன், எண்ணூர் ரோட்டில் கொட்டிக் கிடக்கிற சிப்பியெல்லாம் நினைப்புக்கு வந்து திரும்பி வந்தான். பட்டை வைத்துவிட்டுப் பருத்தியை எடுத்தான். வாசற்படி இறங்கினதும் சுயம்பு பட்டு டயரில் தன்னைத் தாண்டிப் பறக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வந்தான். நடுவில் போய் ஒரு காப்பி குடித்தான், அதையும் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தான். ஒரு ஜோடியைத் தூக்குவான், வைப்பான், முகர்வான், மடக்கி வெடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பான், வெளிச்சத்துக்குக் கொண்டுபோவான்.

"அய்ய, பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்ளோ ரோதனை பண்ண மாட்டான்!" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "த பாரு, ஒண்ணு கேக்கறேன். பஞ்சரானா உனுக்கு யாரு தைக்கிறது?"

"எம் பொண்டாட்டி."

"வலை நூல்லயா?"

"ஆமா. வேற நூலு அவ தொட மாட்டா."

"அப்ப இன்னாத்துக்கு யோசன? வலை நூலு பட்ட அறுத்துடும். பருத்திக்குத்தான் அது தோது. எட்த்துகினு ஓடு, நா லுகர் தொழுகைக்குப் போவணும்."

இன்னாசி பருத்தியைத்தான் எடுத்தான், ஆனால் மனசில்லாமல் எடுத்தான். பாலத்தில் ஏறும்போது எதிரே சுயம்பு சீட்டி அடித்துக்கொண்டு யானைக்கவுனி பக்கம் போவதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இப்போதுகூட ஓடிப்போய்ப் பட்டைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று ஒரு காலைத் திருப்பினான். அதற்குள் அவன் போய்விட்டான்.

வீட்டில் டயரை ஆணியில் மாட்டிவிட்டு, "இத்த யாரும் தொடாதீங்கோ, ராவுக்கு வந்து அரக்கு வச்சி ஒட்டணும்" என்று பொதுவாகக் கத்திவிட்டுப் படகுக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டில் அன்றைக்கு ரோசி தனியாக இல்லை. அவள் அண்ணன் லூயிஸ் வந்திருந்தான். எண்ணூர்க் குப்பத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவன், முகத்துவாரத்தில் எறா, அதாவது இறால், பிடிக்கிறவன். புது வலை எதுவானாலும் தங்கச்சி கையால்தான் சாயம் ஏற வேண்டும் அவனுக்கு. பனிச்சங்காயை இடித்துப் பானையில் ஊறப்போட்டு, அந்தத் துவர்ப்புத் தண்ணியில் வலையை முக்கி எடுத்தால் நூல் கருஞ்சிவப்பாகிவிடும். உப்புத் தண்ணி நாலு வருஷம் தின்றாலும் இற்றுப்போகாது.

இன்னாசி பொழுது சாயத் திரும்பி வந்தபோது மணலில் நட்ட மூங்கிலில் லூயிசின் வலை காய்ந்துகொண்டிருந்தது. வலைக்குப் பக்கத்தில், அதே கருஞ்சிவப்பில், சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டு அவனுடைய இரண்டு டயர்களும் தொங்கின.

அவன் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தான். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சத்தம், பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் ஓடி வந்தது.

"இன்னாமே பண்ணி வச்சிக்கீறே! யாரு உன்ன இத்தத் தொடச் சொன்னது?"

ரோசி முழங்கை வரை சாயத்தோடு எழுந்து வந்தாள். "இன்னாத்துக்குக் கத்தற? வெள்ளை நூலு. உப்புக் காத்துல ஒரு மாசம் தாங்குமா? எங்க வூட்ல வெள்ளை நூலு கடலாண்ட போவாது. அதான் முக்கினேன்."

"இது வலையாடி? டயருடி! தண்ணி பட்டா சுருங்கிடும், ரிம்முல ஏறாது. கப்பல் நாளிக்கே வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?" வாய்க்கு வந்ததைக் கேட்டும்விட்டான். "நீ வேணும்னுதான் பண்ணே. நான் கடையில குந்தணும், அதுக்குத்தான் பண்ணே. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம அந்தோணியாருக்கு நீ இன்னாத்துக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

லூயிஸ் பார்வையை வலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரோசிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அழவில்லை.

"ஏத்தறேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். எம் புருஷன் ஒரு எடத்துல குந்தணும், பக்கத்துல நானும் குந்தி ஒரு வாய் சோறு துன்னணும்னுதான் கேட்டுக்கினு கீறேன். ஆனா நீ ரோட்ல வுழுந்து, கால் ஒடஞ்சி குந்தணும்னு நான் கேக்கல. போறவன் போயிக்கினுதான் இருப்பான். போனா முழுசா வரட்டும்னுதான் முக்கினேன். எங்கப்பன் வலைக்கும் இத்தத்தான் பண்ணேன், எங்கண்ணன் வலைக்கும் இத்தத்தான் பண்றேன். உனுக்குன்னு வேற இன்னா பண்ணத் தெரியும் எனக்கு?"

இன்னாசிக்குக் கோபம் போகவில்லை. வழக்கம்போல நடக்கப் போய்விட்டான்.

டயர் காய்ந்தபோது அவன் பயந்தபடியே ஆகியிருந்தது. சுருங்கி, விறைத்து, ரிம்மின் அளவுக்கு நாலு விரல் குறைவாக நின்றது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசி அவன் தனியாக இழுத்துப் பார்த்தான், ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் எகிறியது. முனகிக்கொண்டே மல்லுக்கட்டினான். ரோசி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து, ரிம்மைத் தரையில் போட்டு இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு டயரைப் பிடித்து இழுத்தாள். வலை இழுக்கிற கை அது. அவன் எதிர்ப்பக்கம் இழுத்தான். "ம்" என்றாள். "ம்" என்றான். 'டப்'பென்று உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சுயம்புவுக்குக் கொண்டாட்டம். மணல்மேட்டில் இன்னாசியின் சைக்கிளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமு, டயருக்கு ரத்த பேதியா? இல்ல மீன் குழம்புல போட்டு எட்த்தியா?" அவன் சைக்கிளில் பட்டு டயர் பளபளத்தது. இன்னாசி அன்றைக்கு அவனிடம் பீடி வாங்கவில்லை.

நாலைந்து நாள் புகையே இல்லை. இன்னாசிக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. வடக்கே மேகம் ஒதுங்கினாலும் புகையாகத் தெரிந்தது. ஒரு நாள் உச்சிவெயில். மணல் காலைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு, அதன் கீழே புகைபோக்கி, அதில் பச்சைப் பட்டை.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடினார்கள்.

பட்டு டயர் என்றால் பட்டு டயர்தான். எண்ணூர் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் சுயம்பு ஒரு பர்லாங் முன்னால் போய்விட்டான். இன்னாசி வலித்தான். சாயம் ஏறின டயர் மாட்டுவண்டிச் சக்கரம் போல் உறுமியது. ஒவ்வொரு மிதியும் தொடையைப் பிடுங்கியது. சிப்பியும் சரளையும் கீழே நொறுங்கின. தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே கொதிக்கிற ரோடு, கண்ணில் வியர்வை. சுயம்புவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. முக்காலி தெரிந்தது, தராசு தெரிந்தது, அந்தச் சுவர் தெரிந்தது. ரோசியின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அவள் எதிரே நின்றிருந்தால் என்ன பேசியிருப்பானோ! ஆத்திரத்தோடேயே மிதித்தான்.

திருவொற்றியூருக்கு முன்னால் ரோடு ஒரு திருப்பம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் சுயம்பு வேகத்தைக் குறைக்காமல் சைக்கிளைச் சாய்த்தான். வெயிலில் அரக்கு இளகியிருந்தது. முன் டயர் ரிம்மைவிட்டு வழுவிப் பக்கவாட்டில் பிதுங்கி வந்தது. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், புழுதி மேலே.

இன்னாசியின் டயரில் இருந்ததும் அதே அரக்குதான், தலைக்கு மேலே அதே வெயில்தான். பிரேக்கைப் பிடிக்கவும் இடமில்லை. மாதாவே என்று கண்ணை மூடாத குறையாக அதே திருப்பத்தில் சாய்ந்தான். டயர் அசையவில்லை. ரிம்மைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பியது.

"உசுரோட கீறியாடா?" என்று போகிற போக்கில் கத்தினான்.

புழுதிக்குள்ளிருந்து பதில் வந்தது. "கீறேன்! கெட்ட வார்த்த வாங்காம போ!"

நாயக்கர் படகு முதலில் போய்ச் சேர்ந்தது. ஹார்பர் ஓரத்தில் நின்று அதைப் பார்த்த பிறகுதான் இன்னாசி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைப் பார்த்தான். அரக்கு முழுவதும் இளகி, ரிம்மின் ஓரமெல்லாம் மெழுகு ஒழுகின மாதிரி வழிந்து கிடந்தது. ஒட்டு என்று ஒன்றுமே இல்லை. சுருங்கின பருத்திதான் ரிம்மை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"ரோசி, நா வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்மே. சுயம்பு டயரு கழண்டு வுழுந்துட்டான். நீ முக்கலன்னா இன்னிக்கு என்னியத்தான் தூக்கிக்கினு வந்திருப்பாங்கோ. மனசுல வச்சிக்காத."

அவள் டயரைத் தொட்டுப் பார்த்தாள், அவன் முழங்காலையும் தொட்டுப் பார்த்தாள். "வுழுந்தவன் எப்டி கீறான்?" என்று கேட்டாள்.

"தோள்பட்டை வீங்கிக்கீதாம். வாய் நல்லாத்தான் கீது."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மறுநாள் நாயக்கர் இன்னாசியைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் தோளில் துண்டு போட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியைத் தன் கையால் தட்டிக் காட்டினார். முக்காலியின் மேல் புதுசாக ஒரு மெத்தை வேறு.

"குந்துப்பா. வருஷம் பூரா நம்ம சப்ளை. கப்பல் வர தேதிய இனி கம்பெனிக்காரனே ஆள் வுட்டு நமக்குச் சொல்லுவான். இருக்கிற சரக்கு அந்தக் கப்பலுங்களுக்கே சரியாப்பூடும். எவன் இனிமே எண்ணூர்ல நின்னு வெயில்ல காயணும்? நீ பட்டது போதும், குந்து."

தோற்றால் முக்காலி என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ஜெயித்தால் என்ன என்று இவன் கேட்கவேயில்லை, மடையன்! கேட்டிருந்தாலும் மிதித்துத்தான் இருப்பான், அது வேறு. இத்தனை மரியாதை பண்ணுகிறவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இன்னாசி உட்கார்ந்தான். சைக்கிளைக் கடை உத்தரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ராயபுரமே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. ரோசிக்கு அந்தோணியார் கண் திறந்துவிட்டார் என்று கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளும் அந்தச் செவ்வாய்க்கிழமை இரட்டை மெழுகுவத்தி ஏற்றினாள். ஆனால் வீட்டுக்கு வருகிற புருஷன் வேறு ஆளாக இருந்தான். தட்டின் முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டான், அவள் ஆசைப்பட்ட மாதிரியே. சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தான். பேசினால் "ஆங்" என்றான். ராத்தூக்கத்தில் மட்டும் அவன் கால் உதறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு ரோசி கடைக்கே போனாள். உள்ளே நாயக்கர் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். கப்பல் சமையல்காரன் எறா கேட்டிருந்தான். எண்ணூரிலிருந்து வண்டியில் வந்து சேர்வதற்குள் நாறிப்போய், கூடை கூடையாகத் திருப்பி அனுப்பிவிட்டான்.

மூலையில் இன்னாசி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ரோசி வந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. தராசின் முள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஏன் ஆடுகிறது என்று குனிந்து பார்த்தாள். பலகைக்குக் கீழே அவனுடைய இரண்டு கால்களும், மாற்றி மாற்றி, காற்றில் மிதித்துக்கொண்டிருந்தன.

இதையா கேட்டேன் என்று ரோசிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருஷம் முட்டிபோட்டுக் கேட்டு வாங்கினது இதுதானா? நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். அவள் முக்கின சாயம் மங்காமல், அவள் மிதித்து ஏற்றின டயர்கள் தூசு படிந்து தொங்கின.

"யோவ், எந்திரி," என்றாள்.

"இன்னாமே?"

"எந்திரின்றேன்ல. வலைக்குச் சாயம் போடறது தண்ணியில எறக்க. ஆணியில மாட்டி அழகு பாக்கறதுக்கு இல்ல. எந்திரி மொதல்ல."

நாயக்கர் வாயைப் பிளந்தார். ரோசி அவர் பக்கம் திரும்பினாள்.

"நைனா, எங்கண்ணன் லூயிசு எண்ணூர்ல எறா புடிக்கிறான். காலையில வலைய இழுத்ததும் இவருகிட்டக் குடுத்துட்டா, துள்ளறது அடங்கறதுக்குள்ள இங்கக் கொணாந்து கொட்டிடுவாரு. உன் சமையக்காரன் வாயத் தொறக்க மாட்டான். அந்த சைக்கிள அவுத்து வுடு."

"அவுத்து வுடலாம்மா. இங்க தராசுக்கு எவன் குந்துவான்?"

"எங்க ஆத்தாவோட கூடையத் தூக்கிக்கினு நடக்க ஆரம்பிச்ச நாளுலேர்ந்து மீனு நிறுத்துப் போட்ட கை இது. எனுக்குத் தராசு புடிக்கத் தெரியாதா? நா குந்தறேன்."

நாயக்கர் யோசிப்பதற்குள் இன்னாசி மெத்தையைவிட்டு எழுந்து உத்தரத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தான். சைக்கிள் கீழே இறங்கியதும் டயரில் விரலை வைத்து அழுத்தினான். காற்று இறங்கியிருந்தது, ஆனால் டயர் ரிம்மைவிட்டு ஒரு நூல் நகரவில்லை.

"பம்ப்பு எங்கடா பம்ப்பு?" என்று கடையே அதிரக் கத்தினான். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம்!

"சோறு துன்னுட்டுப் போய்யா. எறா நாளிக்குத்தான்," என்றாள் ரோசி.

"தோ வந்துட்டேன். லூயிசாண்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் தெருமுனை திரும்பினதும் ரோசி முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை நன்றாகத்தான் இருந்தது. தராசின் முள் நடுவில் அசையாமல் நின்றது. தூக்கைத் திறந்து, புருஷனுக்குப் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.